கண்ணாடிக்கும் கொள்கைக்கும் நடுவே: ஆப்டோமெட்ரிஸ்ட் சங்கங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

2007இல் இந்திய நாடாளுமன்றத்துக்கு வந்த துணைமருத்துவ, இயன்முறை மருத்துவ மத்தியக் கவுன்சில்கள் மசோதாவில் இயன்முறை மருத்துவர்கள் இருந்தார்கள். ஆய்வக நுட்பநர்களும் எக்ஸ்ரே நுட்பநர்களும் இருந்தார்கள். கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதித்தரும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் இல்லை. அந்த மசோதா சட்டமாகாமலே காலாவதியாகிவிட்டது. 2021 மார்ச்சில் நிறைவேறிய தேசியத் துணைநிலை, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பத்துப் பிரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று கண் அறிவியல் பிரிவு. ஆப்டோமெட்ரிஸ்ட் என்ற பெயர் அங்கே இடம்பெற்றிருக்கிறது.

இந்தப் பதினான்கு ஆண்டுகளில் அந்தப் பெயர் சட்டத்துக்குள் வந்ததைத் தங்கள் அமைப்புகளின் வெற்றி என்று ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு தொழிலின் சங்கம் அரசின் கொள்கையில் கைவைக்கும்போது, இதுவரை கண் பரிசோதனையே கிடைக்காத ஒருவருக்கு அது கிடைக்கிறதா? கிடைக்கிறதென்றால் எந்தச் சூழலில்? கிடைக்காமல் போவது ஏன்?

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கண் மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் கண் மருத்துவம் படித்தவர், அறுவை செய்பவர். ஆப்டோமெட்ரிஸ்ட் நான்காண்டுப் பட்டம் பெற்றவர். அந்த நான்கில் ஓராண்டு பயிற்சிப் பணி. பார்வைக் குறையை அளப்பது, கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்சுக்கும் எழுதித்தருவது, நோயின் அறிகுறியைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புவது இவருடைய வேலை. கண் மருத்துவ உதவியாளர் இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் இருப்பவர் இவர்தான். நான்காமவர் கண்ணாடிக் கடைக்காரர். ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்ற பலகைக்குப் பின்னால் முறையாகப் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட்டும் இருக்கலாம், கடையில் வேலை பார்த்தே கற்றுக்கொண்டவரும் இருக்கலாம். வாசலில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. சட்டத்தால் பதிவு தேவைப்படுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

2. இதுவரை நிலவும் புரிதல்கள்

தொழில்முறை அமைப்புகளைப் பற்றி இரு பெரும் பார்வைகள் உள்ளன. ஒன்று அமைப்புகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது: தகுதியற்றவர்களிடமிருந்து மக்களைக் காக்கிறோம், தரத்தை உயர்த்துகிறோம், அரசுக்கு அறிவுரை தருகிறோம். மற்றது பொருளியலாளர்கள் வைப்பது. மில்டன் ஃபிரீட்மன் 1962இல் எழுதிய ‘முதலாளியமும் சுதந்திரமும்’ நூலில், தொழில் உரிமம் என்பது நுழைவாயிலை அடைத்துக் கட்டணத்தை உயர்த்தும் கருவி என்று வாதிட்டார். 1970களில் எலியட் ஃப்ரைட்சன், மகாலி லார்சன் ஆகிய சமூகவியலாளர்களும் வேறு வழிகளில் சென்று, தொழில்முறை என்பது அறிவைச் சந்தை அதிகாரமாக மாற்றும் திட்டம் என்ற முடிவுக்கு அருகே வந்தார்கள்.

இவ்விரண்டைவிட எனக்கு உதவிய சட்டகம் ஆண்ட்ரூ அபட் 1988இல் முன்வைத்தது. தொழில்கள் தனித்தனியாக வளர்வதில்லை. ஒரே வேலைக்கு உரிமை கோரிப் பல தொழில்கள் மோதுகின்றன என்றார் அவர். அந்த மோதல் மூன்று களங்களில் நடக்கிறது: சட்டம், பொதுமக்களின் எண்ணம், அன்றாடப் பணியிடம். ஒரு களத்தில் வென்றவர் இன்னொன்றில் தோற்கலாம். இந்தியாவின் நிலையைப் புரிந்துகொள்ள இந்தப் பாகுபாடு பெரிதும் பயன்படுகிறது.

3. அமெரிக்கா: ஒரே சங்கத்தின் இரு முகங்கள்

ஆப்டோமெட்ரி அமைப்புகளின் அரசியல் மிக வெளிப்படையாகப் பதிவான நாடு அமெரிக்கா. 1892இல் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் ப்ரென்டிஸ் கண்ணைச் சோதித்ததற்காக 3 டாலர் கட்டணம் வாங்கினார். ஹென்றி நாய்ஸ் என்ற கண் மருத்துவர் அதை ஆட்சேபித்தார். கண்ணாடி விற்றுக் காசு வாங்கலாம், மருத்துவர் அல்லாத ஒருவர் சோதனைக்கு எப்படிக் கட்டணம் வாங்கலாம் என்பதே ஆட்சேபம். அந்த 3 டாலரிலிருந்துதான் அங்கே சட்டப் போராட்டம் தொடங்கியது. இன்றைய அமெரிக்க ஆப்டோமெட்ரிக் அசோசியேஷனின் மூல அமைப்பு 1898இல் உருவானது. மின்னசோட்டா மாநிலம் 1901இல் முதல் சட்டத்தை இயற்றியது; நியூயார்க் 1908இல்; 1924க்குள் நாடு முழுவதும்.

அடுத்த கட்டம் மருந்துகள். சோதனைக்கான சொட்டு மருந்தைப் பயன்படுத்த ரோட் ஐலண்ட் 1971இல் அனுமதித்தது. சிகிச்சைக்கான மருந்தை எழுத மேற்கு வர்ஜினியா 1976இல் அனுமதித்தது. 1998இல் ஓக்லஹோமா லேசர் சிகிச்சை வரை சென்றது. ஒவ்வொரு படியிலும் கண் மருத்துவர்களின் அமைப்புகள் நோயாளியின் பாதுகாப்பை முன்வைத்து எதிர்த்தன. ஆப்டோமெட்ரி அமைப்புகள் கிராமப்புறங்களில் கண் மருத்துவர் இல்லை என்பதை முன்வைத்தன. இரு தரப்பும் சொன்னவை உண்மையே. இரு தரப்பின் வருமானமும் அந்த உண்மைகளோடு பிணைந்திருந்தது என்பதும் உண்மை.

இங்கே இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1986இல் நிறைவேறிய சட்டத்தின்படி, முதியோர் காப்பீடான மெடிகேரில் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் வழங்கும் கண் மருத்துவச் சேவைகளுக்கும் பணம் கிடைக்க வழி பிறந்தது. தொலைவிலுள்ள கண் மருத்துவரைத் தேடிப் போக முடியாத முதியவருக்கு இது நேரடிப் பலன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1978இல், கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. கண்ணாடி விலையை விளம்பரம் செய்வதற்கு மாநிலங்கள் விதித்த தடைகளை நீக்குவதும், சோதனை முடிந்ததும் மருந்துச்சீட்டை நோயாளியின் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதன் உள்ளடக்கம். அதே அமெரிக்கச் சங்கம் அந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளம்பரப் பகுதியைத் திருப்பி அனுப்பியது. சீட்டைக் கொடுக்க வேண்டும் என்ற பகுதி நிலைத்தது.

விளம்பரத் தடையின் விளைவு வெறும் ஊகம் அல்ல. லீ பென்ஹம் 1972இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, தடை இருந்த மாநிலங்களில் கண்ணாடி விலை குறைந்தது 25 விழுக்காடு கூடுதல் என்று மதிப்பிட்டது. சில மதிப்பீடுகளில் இரு மடங்குக்கும் மேல். சீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் நோயாளி வேறு கடைக்குப் போக முடியாது. 1955இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த லீ ஆப்டிகல் வழக்கிலும் பிரச்சினை இதன் உறவுக்காரன்தான். மருத்துவர் அல்லது ஆப்டோமெட்ரிஸ்ட்டின் சீட்டு இல்லாமல் கண்ணாடிக்காரர் பழைய லென்சைப் பார்த்துப் புதியது செய்துதரக் கூடாது என்ற ஓக்லஹோமா சட்டத்தை நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. அந்தச் சட்டம் தேவையற்ற சுமையாகவும் இருக்கலாம், ஆனால் அதை முடிவு செய்வது சட்டமன்றத்தின் வேலை என்று சொல்லியே அப்படித் தீர்ப்பளித்தது.

ஆகவே சங்கம் நல்லதா, தன்னலம் மிக்கதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. ஒரே அமைப்பு ஒரு பத்தாண்டுக்குள் முதியோரின் வாசலைத் திறந்தது, சீட்டைக் கையில் கொடுக்கும் கடமையை எதிர்த்தது. கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத்தான் எடைபோட வேண்டும். இந்தக் கோரிக்கை நிறைவேறினால் நேற்றுவரை சேவை பெறாத யார் நாளை பெறுவார்? இதுவே என் அளவுகோல்.

4. ஸ்காட்லாந்து: சேவையை முன்வைத்த பேரம்

பிரிட்டிஷ் ஆப்டிகல் அசோசியேஷன் 1895இல் தோன்றியது. இத்துறையில் உலகின் மிகப் பழைய தொழில்முறை அமைப்பு அது. ஆனால் சட்டப்பூர்வப் பதிவுக்கு அந்நாடு 1958வரை காத்திருந்தது. அதற்குள் 1948இல் தேசியச் சுகாதாரச் சேவை வந்து, இலவசக் கண்ணாடிக்குக் கூட்டம் அலைமோதி, 1951இல் கண்ணாடிக்குக் கட்டணம் விதிக்கப்பட்டு, அதன் பேரில், அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பீவன் அமைச்சர் பதவியையே துறந்திருந்தார். 1989இல் எல்லோருக்குமான இலவசப் பார்வைச் சோதனையும் நிறுத்தப்பட்டது.

2006 ஏப்ரலில் ஸ்காட்லாந்து வேறு பாதையில் திரும்பியது. அங்கு வசிக்கும் எல்லோருக்கும் அரசுச் செலவில் கண் பரிசோதனை. பழைய ‘பார்வைச் சோதனை’ கண்ணாடிக்கான பவரை அளப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். புதிய ‘கண் பரிசோதனை’யில் நோயாளியின் அறிகுறிக்கேற்ப விழித்திரை, பார்வை நரம்பு, கண் அழுத்தம் எல்லாம் பார்க்கப்பட வேண்டும், அதற்கான கட்டணத்தை அரசு தரும். ஆப்டோமெட்ரி ஸ்காட்லாந்து என்ற அமைப்பு அரசோடு பேரம் பேசியதில் இத்திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கண் சிவந்து வலித்தால் முதலில் தெருவோரத்து ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் போகலாம் என்ற பழக்கம் அங்கே உருவானது.

இங்கே கவனிக்க வேண்டியது பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இங்கிலாந்தில் சோதனைக்கு அரசு தரும் கட்டணம் அதன் உண்மைச் செலவை ஈடுகட்டாது என்று அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. மீதியைக் கண்ணாடி விற்பனைதான் ஈடுகட்டுகிறது. சோதனைக்கே தகுந்த பணம் கிடைக்கும்போது, கண்ணாடி தேவையில்லாத, ஆனால் கண் அழுத்த நோயின் தொடக்கத்தில் இருக்கும் மனிதரின் மேல் செலவிடும் நேரம் நட்டமாகாது. ப்ரென்டிஸ் வாங்கிய 3 டாலரின் கேள்வியே நூறாண்டு கழித்தும் தொடர்கிறது.

5. இந்தியா: களத்துக்கு முன்னே வந்த சட்டம்

இந்தியாவில் 1958இல் அலிகரிலும் ஐதராபாத்திலும் ஆப்டோமெட்ரிப் பள்ளிகள் தொடங்கின. 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தபோது அது தேர்ந்தெடுத்த இடைநிலைப் பணியாளர் கண் மருத்துவ உதவியாளரே. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி, பிலானியின் பிட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து நான்காண்டுப் பட்டத்தை வழங்கியது. பின்னர் தெற்கிலும் நாடெங்கிலும் கல்லூரிகள் பெருகின. பட்டதாரிகள் பெருகினார்கள். அவர்களைப் பதிவு செய்ய நாடு முழுவதற்குமான சட்டப்படியான கவுன்சில் இருக்கவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் அமைப்புகள் வேலை செய்தன. இந்திய ஆப்டோமெட்ரிக் சங்கம், மாநிலச் சங்கங்கள், கல்லூரிகளின் கூட்டமைப்பு, தன்னார்வப் பதிவை நடத்திய ஆப்டோமெட்ரி கவுன்சில் ஆஃப் இந்தியா எனப் பல குரல்கள். இவற்றுக்குள் ஒற்றுமை எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் பாடத்திட்டத்தை ஒழுங்குபடுத்தியது, தேர்வு வைத்தது, பதிவேடு வைத்தது எல்லாம் சட்டம் வருவதற்கு முன்பே ஒரு தொழில் தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்ள முடியும் என்று காட்டின. 2007 மசோதாவில் இல்லாத பெயர், 2018இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா வழியாக 2021 சட்டத்துக்குள் வந்ததை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும்.

சட்டம் நுணுக்கமானது. மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்துப் பட்டம் பெற்றவர் ‘சுகாதாரத் தொழில்முறையாளர்’. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்தவர் ‘துணைநிலைத் தொழில்முறையாளர்’. நான்காண்டுப் பட்டதாரி முதல் வகைக்குள் வருவார். ஆனால் அட்டவணையில் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் கண் மருத்துவ உதவியாளரும் ஒரே பிரிவில் அமர்கிறார்கள். அவர்களுக்கான தொழில்முறைக் கவுன்சிலும் ஒன்றே. அதன் உறுப்பினர்களை நியமிப்பது அரசு. சங்கங்கள் தேர்தல் நடத்தி அனுப்பும் பிரதிநிதிகள் அல்ல அவர்கள். பட்டதாரியின் எல்லையையும் உதவியாளரின் எல்லையையும் வகுக்கும் மோதல் இனி இந்த ஒரே மேசையில் நடக்கும். அமைப்புகள் இதற்குத் தயாராக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய உழைப்பெல்லாம் அட்டவணைக்குள் நுழைவதிலேயே செலவானது.

மாநிலங்களும் விரைந்து நடக்கவில்லை. மாநிலக் கவுன்சில்களை அமைக்காமல் தாமதித்ததால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு ஒன்றிய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

இதற்கிடையே கிராமத்துக் கண் நலத்தை வடிவமைத்தவர்கள் யார்? என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளித்து அவர்களைக் கொண்டே பார்வைக் குறையை அளக்கிறது. அதன் பார்வை மையங்களில் அவர்களே சோதித்து, தொலைத்தொடர்பு வழியே மருத்துவரின் கருத்தைப் பெறுகிறார்கள். ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை ‘விஷன் டெக்னீஷியன்’ என்ற பணியாளரை உருவாக்கியது. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதற்சோதனை செய்பவர் ஆசிரியர். அடுத்துப் பார்ப்பவர் கண் மருத்துவ உதவியாளர். இவற்றில் எதுவும் ஆப்டோமெட்ரிச் சங்கத்தின் மேசையில் பிறந்த திட்டம் அல்ல. மருத்துவமனைகளும் அரசுத் துறையும் தங்கள் தேவைக்கேற்ற பணியாளரை உருவாக்கிக்கொண்டன.

தெலங்கானா இதற்கு ஒரு விலக்கு போலத் தெரியும். 2018 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய கண்டி வெலுகு திட்டம் மாநிலம் முழுவதும் மக்களின் கண்களைச் சோதித்தது. 2023இன் இரண்டாம் சுற்றில் 1,500 குழுக்கள் 100 வேலை நாட்களுக்கு இறங்கின. குழுக்களில் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் இருந்தார்கள். ஒரு மாநில அரசு இவ்வளவு பெரிய அளவில் அவர்களை நாடியது பெரிய செய்திதான். ஆனால் அவை சுற்று முடியும்வரையிலான ஒப்பந்த வேலைகள். இரண்டு ஆண்டு கழித்துப் பவர் மாறும்போது அதே முதியவர் யாரிடம் போவார்? அபட் சொன்ன மூன்று களங்களில் சட்டக் களம் வசமானது. பணியிடக் களத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்குப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனையும் கண்ணாடிக் கடையுமே கிடைத்தன.

6. கடினமான சோதனை: வெள்ளெழுத்து

அமைப்புகளின் நேர்மையைச் சோதிக்கும் இடம் ஒன்று உண்டு. நாற்பதைக் கடந்தவருக்கு வரும் வெள்ளெழுத்து. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை, மாத்திரை அட்டையில் தேதி படிக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை குறித்த அறிக்கை, சரிசெய்யப்படாத வெள்ளெழுத்தோடு வாழ்பவர்கள் உலகில் 82.6 கோடிப் பேர் என்றது. தீர்வு ஒரு ஜோடி ரீடிங் கிளாஸ்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் அளவு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறிக்கும் வேலையில் கண் எவ்வளவு பேசுகிறது என்பது அந்த எண்ணில் தெரிகிறது. வங்கதேசத்தில் நடந்து 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில், இலவசமாக ரீடிங் கிளாஸ் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 33 விழுக்காடு கூடியது. இத்தகைய எளிய கண்ணாடியைக் கொடுக்க நான்காண்டுப் பட்டம் தேவையில்லை. சில நாள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் போதும்.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் பெட்டிக்கடையில் ரீடிங் கிளாஸ் வாங்கிக்கொண்டு, எழுத்துத் தெரிகிறது என்று திருப்தியோடு போய்விடுகிறார். அவருடைய பார்வை நரம்பைக் கண் அழுத்த நோய் அரித்துக்கொண்டிருக்கலாம். அந்த நோய்க்கு வலி இல்லை. ஓரப் பார்வை மெல்லச் சுருங்குவதை மூளை ஈடுகட்டிவிடும். அவர் முறையான சோதனைக்கு வந்திருந்தால் வெள்ளெழுத்தே நோயைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பாகியிருக்கும். நீரிழிவுக்கும் இது பொருந்தும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 16.9 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதைக் காட்டியது. கம்ப்யூட்டர் அச்சிட்டுத் தரும் துண்டுச் சீட்டில் இவை எதுவும் வராது.

இரண்டும் உண்மையென்றால் என்ன செய்வது? சில நாடுகளில் ஆயத்த ரீடிங் கிளாஸ் விற்பனைக்குத் தடை விதித்துப் பார்த்தார்கள். பிரிட்டனிலேயே 1980களின் இறுதிவரை கடையில் அதை எளிதாக வாங்க முடியாது. சோதனைக்கு வரவைக்கும் கருவியாகக் கண்ணாடியை வைத்துக்கொள்வது, ஆப்டோமெட்ரிஸ்ட் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் ஓரளவு நியாயம். அவர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் அந்தத் தடை, நோயையும் கண்டுபிடிக்காது, அரிசியில் கல்லையும் காட்டாது. என் அளவுகோலின்படி அத்தகைய கோரிக்கை தோற்கிறது. சங்கங்கள் ஆயத்தக் கண்ணாடியை எதிர்ப்பதை விட்டுவிட்டு, அதைக் கொடுக்கும் பணியாளர் யாரை, எப்போது, எங்கே அனுப்ப வேண்டும் என்ற விதிகளை எழுத முன்வந்தால் அதன் மதிப்பு வேறு. நீரிழிவு உள்ளவரையும் குடும்பத்தில் கண் அழுத்த நோய் உள்ளவரையும் கண்ணாடியோடு நிறுத்தாமல் முழுப் பரிசோதனைக்கு அனுப்பும் விதியை எழுதும் அறிவு வேறு எந்தத் தொழிலைவிடவும் அவர்களிடம் இருக்கிறது.

7. மதிப்பீடு

எல்லை வகுக்கும் சட்டம், தகுதிக்கான பதிவேடு, பாடத்திட்டம் ஆகியவற்றில் தொழில்முறை அமைப்புகளின் செல்வாக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. விலை, விளம்பரம், சீட்டு போன்றவற்றில் அவர்கள் மக்களுக்கு எதிராக நின்ற சான்றும் இருக்கிறது. அதை இந்தியச் சங்கங்கள் படித்துத் தெளிய வேண்டும். சேவை வடிவமைப்பில் ஸ்காட்லாந்துச் சங்கம் சாதித்தது, கட்டணத்தையும் கடமையையும் ஒரே ஒப்பந்தத்தில் பேசியதால் வந்தது. 2021இல் உலக சுகாதாரப் பேரவை, பார்வைக் குறைக்குத் தகுந்த கண்ணாடி பெறுவோரின் விகிதத்தை 2030க்குள் 40 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்த இலக்கு வைத்தது. அந்த இலக்கைச் சட்ட அட்டவணை எட்டிவிடாது.

தமிழ்நாட்டு ஆப்டோமெட்ரிஸ்ட் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாநிலக் கவுன்சிலிடம் நீங்கள் கொண்டுசெல்லும் முதல் மனு, பெயருக்கு முன்னால் எந்த அடைமொழி போடலாம் என்பதைப் பற்றி வேண்டாம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்கு நிரந்தரப் பணியிடம் கேளுங்கள். கண் மருத்துவ உதவியாளரை அப்புறப்படுத்தாமல் அவரோடு வேலையைப் பகிரும் வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். ரீடிங் கிளாஸை யார் கொடுத்தாலும் தடுக்க மாட்டோம், அனுப்பிவைக்கும் விதி மட்டும் எங்களுடையது என்று எழுத்தில் கொடுங்கள். அந்த மனுவை எந்தச் சுகாதாரச் செயலரும் தொழில்நலக் கோரிக்கை என்று ஒதுக்கிவைக்க முடியாது.